கரெண்ட் போன வியாழக்கிழமை

புதன்கிழமை மதியம் மூன்று மணி ஆகிவிட்டால் டாக்டர் சங்கவிக்கு இருப்புக்கொள்ளாது. துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்ப்பாள். நான்கு புதன்கிழமைகள் இப்படியே போயிருந்தன. ஒருவரும் வரவில்லை.

திண்டிவனத்தில் இருந்த அந்தக் கால்நடை கிளினிக் டாக்டர் ஆனந்தராஜுடையது. இருபது வருடமாக மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் பார்த்தவர். சங்கவி அவரிடம் சேர்ந்து இரண்டு வருடம். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். ஊசியும் தையலும் அவளுக்குக் கைவந்தவை. ஆனால் ‘கடிக்குது’, ‘வூட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போவுது’, ‘தனியா விட்டா கதவைப் பிச்சுப் போடுது’ என்று யாராவது வந்து நின்றால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. வளர்ப்பு விலங்குகளின் நடத்தைக் கோளாறுகளைப் பற்றி ஆன்லைனில் ஒரு வருடம் படித்தாள். முடித்த கையோடு ஆனந்தராஜிடம் போய், வாரத்தில் ஒரு மதியத்தை அதற்கென்று ஒதுக்கித் தரச் சொன்னாள்.

“நாய்க்கு கவுன்சிலிங்கா?” என்று கேட்டார் அவர். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். “நம்ம பக்கம் கடிக்கிற நாயை எங்கயாவது விட்டுட்டு வேற குட்டி எடுத்தாந்துடுவாங்கம்மா. சரி, ஆறு வாரம் பாரு. யாரும் வரலன்னா புதன்கிழமையும் தடுப்பூசியே போடுவோம்.”

ஐந்தாவது புதன்கிழமை மூன்றேகாலுக்கு ஒரு லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியோடு அணைத்தபடி வாயில் துணி கட்டிய ஒரு நாய். வெள்ளையில் செம்பட்டைத் திட்டுகள் போட்ட நாட்டு நாய். விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது.

“கடிக்கிற நாயைப் பாக்கறாங்கன்னு போர்டு போட்டிருக்குதே, அது நீங்களா டாக்டரம்மா?”

“நான்தாங்கக்கா. உள்ள வாங்க,” என்று சங்கவி கதவை அகலத் திறந்தாள்.

அந்தப் பெண் இளவரசி. மயிலம் ரோட்டோரம் ஒரு கிராமத்தில் அவளும் கணவன் துரைக்கண்ணுவும் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். நாயின் பேர் சோடா. நான்கு வயது. சந்தை ஓரத்தில் காலி சோடாப் பெட்டிக்குள் கிடந்த குட்டியை துரைக்கண்ணுதான் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தாராம்.

“அவருன்னா அதுக்கு உசுரு. அவரையே கடிச்சுடுச்சு. சங்கிலி மாட்டப் போனாரு, கையைப் பிடிச்சுக்கினு விடவே இல்ல. பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுக்கினு இருக்காரு.”

“எப்போ கடிச்சுது?”

“பதினெட்டு நாள் ஆவுது.”

நாய்க்கு வருடம் தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தார்கள். பதினெட்டு நாளாகியும் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிடுகிறது. வெறிநோய் இல்லை என்பது நிச்சயம். சங்கவி அவசரப்படாமல் ஆரம்பத்திலிருந்து போனாள். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். பல், கண், முதுகெலும்பு, ஒவ்வொரு காலின் மூட்டு. வலியால் கடிக்கிற நாய்கள் நிறைய உண்டு. இதற்குக் கழுத்தில் சங்கிலி உராய்ந்த புண்ணைத் தவிர வேறெங்கே அழுத்தினாலும் வலி தெரியவில்லை. ரத்தம் எடுத்து விழுப்புரம் லேபுக்கு அனுப்ப எடுத்து வைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டுத் தரையில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

“இப்ப சொல்லுங்கக்கா. எப்ப ஆரம்பிச்சுது?”

“ஆயுத பூஜைக்கு அப்புறம். முன்னாடி பகல்ல அவுத்துதான் இருக்கும், ராவுலதான் கட்டுவோம். திடீர்னு வூட்டுலயே தங்க மாட்டேன்னுடுச்சு. கொல்லைக்கு ஓடும், ரோட்டுக்கு ஓடும். ரெண்டு தடவை லாரியில மாட்டப் பாத்துது. அதனால முழு நாளும் கட்டிப்போட்டோம். கட்டினா ஊளை. சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து புண்ணாயிடுச்சு. தூக்கமே இல்ல. ஒரே பேஜாரு.”

“தீபாவளி வெடியில பயந்திருக்குமா?”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சுங்க.”

“அந்த நேரத்துல வீட்ல எதாவது மாறிச்சா? புது ஆள், புது மாடு, பக்கத்துல புதுக் கட்டடம்?”

இளவரசி நன்றாக யோசித்தாள். “ஒண்ணுமில்லையே.”

இதற்குள் சோடா எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றி வந்தது. மருந்து அலமாரியை மோந்தது. சங்கவி தரையில் போட்ட கோழித்துண்டைத் தயங்கித் தயங்கித் தின்றது. அப்புறம் மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டது. சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

இளவரசி குனிந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “ரெண்டு மாசத்துல இது இப்படித் தூங்கி நான் பாக்கலங்க.”

கடிக்கிற நாய், முன்பின் தெரியாத இடத்தில், மருந்து வாடைக்கு நடுவில் தூங்குகிறது. அப்படியானால் நாய்க்குள் இருப்பது கோபமில்லை. அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. அது என்ன?

“அக்கா, ஒரு நோட்டு போடுங்க. காலையில, மதியம், சாயந்திரம், ராத்திரி. சோடா என்ன செஞ்சுதுன்னு எழுதுங்க. அப்ப வீட்ல யாரு இருந்தாங்க, என்ன நடந்துக்கிட்டிருந்துது, எல்லாம். சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க. போன்ல வீடியோவும் எடுங்க. அதுவரைக்கும் திட்டாதீங்க, அடிக்காதீங்க, கழுத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“பத்து நாள்.”

இளவரசியின் முகம் சுருங்கியது. “அவரு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டயம் குடுத்திருக்காரு. அன்னிக்கு எங்க ஊரு தாண்டவராயன் வண்டி செங்கல்பட்டு போவுது. அதுல ஏத்தி வழியில விட்டுடலாம்னு பேசி வெச்சிருக்காங்க. அவருக்கும் மனசில்லதான். ஆனா பயந்துட்டாரு.”

“பத்து நாள் சனிக்கிழமையோட முடியுது. போதும்,” என்றாள் சங்கவி. போதுமா என்று அவளுக்கே தெரியாது.

மறுநாளிலிருந்து வீடியோக்கள் வர ஆரம்பித்தன. சோடா வீட்டு முன்வாசல் தூணில் கட்டப்பட்டிருந்தது. வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொண்டு, காதை மடக்கிக்கொண்டு, எச்சில் ஒழுக நின்றது. சங்கிலி எப்போதும் விறைப்பாகவே இருந்தது. சங்கவி ஒவ்வொரு வீடியோவையும் பத்துத் தடவை பார்த்தாள். சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். ஒரு கோழி, ஒரு டிராக்டர், இளவரசியின் மூச்சு. வேறெதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

“என்னம்மா, துப்பு துலங்குச்சா?” என்று ஆனந்தராஜ் தினமும் கேட்டார். அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. அவள் வைத்துவிட்டுப் போன போனை எடுத்து அவரும் ஒருமுறை வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு விழுப்புரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது இளவரசி நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். “நாளைக்கு காலையில எட்டு மணிக்கு வண்டி வருது டாக்டரம்மா. என்னால ஒண்ணும் சொல்ல முடியல.”

சங்கவி பக்கங்களைப் பெரிதாக்கிப் படிக்கத் தொடங்கினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. காலையில் கத்தியது. மதியம் நடுக்கம். சாயந்திரம் சாப்பிடவில்லை. ராத்திரி ஊளை. எல்லா நாளும் ஒன்றேபோல. திங்கட்கிழமை மதியத்துக்கு நேரே மட்டும் ‘ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தது’ என்று இருந்தது. செவ்வாய், புதன், மறுபடியும் அதே கதை. அடுத்த பக்கம், இரண்டாவது வியாழன்.

‘காலை ஒன்பதரையிலிருந்து தூங்கியது. மதியம் கஞ்சி குடித்தது. வாலாட்டியது. சாயந்திரம் ஐந்துக்கு மேல் மறுபடி கத்தல்.’

சங்கவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பதரையிலிருந்து ஐந்து. வேலைக்குப் போய்விட்டு வருகிற ஆள் மாதிரி அந்தப் பயம் காலையில் கிளம்பிப் போய் சாயந்திரம் திரும்பி வந்திருக்கிறது. பஸ் பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் இளவரசிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, வியாழக்கிழமை என்ன விசேஷம்? யாராவது ஊருக்குப் போயிருந்தாங்களா?”

“இல்லீங்களே. எல்லாரும் வூட்டுலதான். களை எடுக்கக்கூட போவல.”

“நல்லா யோசிங்க. ஒன்பதரை மணிக்கு என்ன நடந்துது?”

“ஒன்பது மணிக்கு கரெண்ட் போச்சு. மாசாமாசம் நிறுத்துவாங்களே, அது. சாயந்திரம் அஞ்சுக்குதான் வந்துது. மாவு அரைக்க முடியல, கேப்பைக் களிதான் கிண்டினேன்.”

“திங்கட்கிழமை மதியம்?”

“அன்னிக்கு டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போயி...” இளவரசி பாதியில் நிறுத்தினாள். “டாக்டரம்மா, கரெண்ட்டா?”

“நான் வர்றேன். நாய் அங்கயேதான் இருக்கணும். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.”

மயிலம் ரோடு பிரிகிற கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தை பஸ் தாண்டப் பார்த்தது. சங்கவி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கண்டக்டர், “விழுப்புரம் டிக்கெட்டும்மா உன்னுது,” என்றார். “பரவாயில்லண்ணா, நிறுத்துங்க,” என்று சொல்லி இறங்கி, மயிலம் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக ஒண்டிக்கொண்டாள். சிரிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் துரைக்கண்ணு நின்றிருந்தார். உயரமான மனிதர். வலது கையில் கட்டு இன்னும் இருந்தது. நாயிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

“நாய்க்கு கரெண்ட்ல இன்னா மேடம் பிரச்சனை? ஷாக் அடிக்குதான்னு நீங்க போன் பண்ணதுமே டெஸ்டர் வெச்சு பாத்துட்டேன். தூண்ல எதுவும் இல்ல.”

“ஷாக் இல்லண்ணே. மெயினை மட்டும் நிறுத்துங்க. பத்து நிமிஷம்.”

அவர் மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு இருண்டது. மூன்று பேரும் வாசலில் தள்ளி உட்கார்ந்து சோடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு நிமிடம் மாற்றமில்லை. பிறகு சங்கிலி தளர்ந்தது. காது மெல்ல எழுந்தது. நாய் தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தது. ஏழாவது நிமிடத்தில் முன்னங்காலை நீட்டிப் படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு அவர்கள் மூவருக்கும் கேட்டது.

“ஐயோ,” என்றாள் இளவரசி மெதுவாக.

சங்கவி நேரத்தைக் குறித்துக்கொண்டாள். “இப்ப எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு, ஃபிரிட்ஜ், டிவி பிளக்கைக் கழட்டிடுங்க. அப்புறம் மெயினைப் போடுங்க. ஒண்ணொண்ணா கண்டுபிடிப்போம்.”

துரைக்கண்ணு உள்ளே போய் எல்லாவற்றையும் கழற்றினார். மெயினைப் போட்டார். ஒரு விளக்குகூட எரியவில்லை, ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. ஆனால் சோடா துள்ளி எழுந்தது. மறுபடியும் நடுக்கம். மறுபடியும் சங்கிலி விறைத்தது.

“எல்லாத்தையும் கழட்டிட்டேனே,” என்றார் துரைக்கண்ணு. அவர் குரல் மாறியிருந்தது. இப்போது அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

“இல்லண்ணே, இன்னும் ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டுதான் இருக்குது.”

சங்கவி நாயைப் பார்த்தாள். இந்தப் பத்து நாளாக வீடியோவில் நாய் எதைப் பார்த்து பயப்படுகிறது என்றுதான் தேடினாள். சோடா எதையும் பார்க்கவில்லை. எதிலிருந்தோ விலகி இழுத்தது. சங்கிலி எல்லா வீடியோவிலும் ஒரே திசையில், தெருவைப் பார்த்து விறைத்திருந்தது. அவள் அதற்கு நேர் எதிரே திரும்பினாள். தூணுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். மரக்கதவு பாதி திறந்திருந்தது.

“அது என்ன ரூம்?”

“மல்லாட்டை மூட்டை அடுக்கி வெச்சிருக்கோம். மார்கழிப் பட்டத்துக்கு வெதை. அங்க லைட்டுகூட கிடையாது.”

மூவரும் டார்ச்சோடு உள்ளே போனார்கள். வேர்க்கடலை மூட்டைகள் ஆளுயரத்துக்கு இருந்தன. ஜன்னலுக்கு அடியில், இரண்டு மூட்டைகளுக்கு இடையே, சுவரில் இருந்த பிளக்கில் கைக்கடக்கமாக வெள்ளையாக ஒன்று செருகியிருந்தது. அதில் புள்ளியாக ஒரு நீல வெளிச்சம்.

துரைக்கண்ணு அதைப் பார்த்தபடியே நின்றார். “எலி மிஷினு,” என்றார். “எலி வராதுன்னு சொன்னாங்க. நான்தான் வாங்கியாந்து மாட்டினேன். ஆனா மேடம், அதுல சத்தமே வராதே.”

“நமக்குக் கேக்காதுண்ணே. நம்ம காதுக்கு எட்டாத சத்தம் அது. எலியை விரட்டத்தான் போடறாங்க. நாய்க்கும் கேக்கும்.”

“எப்ப மாட்டினீங்க?” என்று அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“ஆயுத பூஜைக்கு மறுநாள்,” என்றாள் இளவரசி.

துரைக்கண்ணு இடது கையால் அதைப் பிடுங்கினார். நீல வெளிச்சம் அணைந்தது. வெளியே சங்கிலி தளர்ந்து தரையில் விழும் சத்தம் கேட்டது. சங்கவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சோடா உட்கார்ந்திருந்தது.

துரைக்கண்ணு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “அது ஓடுச்சு. ஓடாதேன்னு நான் புடிச்சாந்து, அந்த எழவு மிஷினுக்குப் பக்கத்துலயே கட்டினேன். ரெண்டு மாசமா. கடிக்காம இன்னா பண்ணும்?”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? எல்லா நாய்க்கும் இப்படி ஆவறதில்ல. சில நாய் கண்டுக்காது. சோடாவுக்கு பயம் நாளுக்கு நாள் ஏறிடுச்சு,” என்றாள் சங்கவி.

“எலியாவது போச்சா?” என்று பிறகு அவளே கேட்டாள்.

இளவரசி டார்ச்சைத் திருப்பினாள். அடி மூட்டையில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தரையெல்லாம் மல்லாட்டைத் தொலி. “போன வருஷத்தைவிட ஜாஸ்திங்க,” என்றாள். துரைக்கண்ணு முதலில் சிரித்தார். அப்புறம் மூவருமே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் போனை எடுத்துத் தாண்டவராயனைக் கூப்பிட்டு, நாளைக்கு வண்டி நிற்காமல் போகட்டும் என்றார்.

சங்கவி விழுப்புரம் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஆனந்தராஜுக்குப் போனில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர், “அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா. பத்து நாளும் எனக்கு வேணும்,” என்றார்.

ஆனால் மிஷினைப் பிடுங்கியதோடு சோடா பழையபடி ஆகிவிடவில்லை. அதை சங்கவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். ராத்திரியில் தூங்கியது, சாப்பிட்டது, ஊளை நின்றது. ஆனால் முன்வாசலுக்கு மட்டும் வர மறுத்தது. சங்கிலிச் சத்தம் கேட்டால் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. துரைக்கண்ணு வலது கையை நீட்டினால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பயத்தைத் தணிக்கிற மாத்திரையைச் சங்கவி சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தாள். சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கழுத்தை அழுத்தாத மார்புப் பட்டை வாங்க வைத்தாள். மீதி வேலை துரைக்கண்ணுவுடையது.

“கூப்பிடாதீங்க. கிட்டப் போவாதீங்க. வாசலுக்கு இருபதடி தள்ளி உக்காந்துக்கினு கோழித்துண்டு ஒண்ணைப் போடுங்க. அது தின்னுட்டுப் போவட்டும். மறுநாள் ஒரு அடி கிட்ட.” அவர்களோடு பேசிப் பேசி அவளுக்கும் அவர்கள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணு இதை விவசாயம் மாதிரி எடுத்துக்கொண்டார். தினம் ஒரு வேளை தவறவில்லை. நோட்டில் இப்போது அவர்தான் எழுதினார், இடது கையில், கோணல் கோணலாக. ‘இன்று பதினாலு அடி.’ ‘இன்று மழை. வரவில்லை.’ ‘இன்று பதினொன்று. வாலை ஒரு தடவை ஆட்டியது.’ அந்தப் பக்கத்தின் படம் வந்த அன்று சங்கவி ஆனந்தராஜிடம் ஓடிப்போய்க் காட்டினாள். அவர் கன்றுக்குட்டிக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். இதற்குள் கிளியனூரிலிருந்து ஒருவர், தனியாக விட்டால் சோபாவைக் கிழிக்கிற தன் நாயோடு வந்துவிட்டார். கோட்டக்குப்பத்திலிருந்து மஹபூப் பீவி என்பவர் கட்டிலில் மூத்திரம் போகிற பூனையைப் பற்றிப் போன் செய்தார். ஆறு வாரக் கெடுவை ஆனந்தராஜ் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

தை பிறந்து ஒரு வாரத்தில் சங்கவி மறுபடி மயிலம் ரோட்டு வீட்டுக்குப் போனாள். முன்வாசலில் துரைக்கண்ணு கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். கையில் கட்டு இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அருகே வந்த பிறகுதான் அவளுக்குக் காரணம் தெரிந்தது. அவர் தொடைமேல் தலையை வைத்து சோடா தூங்கிக்கொண்டிருந்தது.

“எப்ப வந்துது?” என்று கிசுகிசுத்தாள்.

“ஒரு மணி நேரமாச்சு. நான் கூப்பிடல. அதுவாவே வந்து படுத்துச்சு.” சற்றுப் பொறுத்து, வாயை அசைக்காமல் கேட்டார். “டாக்டரம்மா, கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் நகர்த்தினா தப்பா எடுத்துக்குமா?”

“தெரியலண்ணே,” என்றாள் சங்கவி. “இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவீங்களா?”

“தாங்கறேன்,” என்றார் அவர்.